மரகதத்தை எந்த எழுத்தில் வைப்பது?

எங்கள் வாட்ஸப் குழுவின் பெயர் ‘மேலும் காண்க’. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்து கம்பெனிகளில் புத்தகங்களுக்கு இண்டெக்ஸ் போட்டு ஓய்ந்தவர்களும், இன்னும் போட்டுக்கொண்டிருப்பவர்களும் அதில் இருக்கிறோம். பெரும்பாலும் பேத்தியின் பிறந்தநாள் படம், முழங்கால் வலிக்கு எந்த டாக்டர் தேவலை என்பது மாதிரியான பேச்சுதான் ஓடும். போன வாரம் அதிசயமாகத் தொழில் பேச்சு வந்தது. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கேட்டிருந்தாள்: “புது சாஃப்ட்வேர்ல லாஸ்ட் நேம் இல்லாம ஒரு ஆளை ஏத்தவே முடியல மேடம். கட்டம் சிவப்பா மாறி நிக்குது. இந்த புக்ல எல்லாரும் தமிழ்க்காரங்க. பேசாம அப்பா பேரைப் போட்டுடலாமா?”

போட்டுடு, யார் பார்க்கப்போகிறார்கள் என்று ரெண்டு பேர் பதில் போட்டிருந்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ‘போடாதே’ என்று ஒரே வார்த்தை அடித்தேன். அனுப்பிய பிறகு, ஏன் என்று சொல்லாமல் அதட்டுவது சரியில்லையே என்று தோன்றியது. காரணம் ஒரு வரியில் அடங்காது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

தொழில் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு புத்தகத்தின் கடைசியில், எந்த ஆள், எந்த ஊர், எந்த விஷயம் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று அகர வரிசையில் சின்ன எழுத்தில் இருக்குமே, அதுதான் இண்டெக்ஸ். அதை யாரோ ஒருவர் உட்கார்ந்து செய்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா என் வேலையைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். “அது தானா வராதா?” என்று கேட்டார் என் மாமனார். கடைசிவரை அவருக்கு அந்தச் சந்தேகம் தீரவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தது மேற்குத் தாம்பரத்தில், வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்கு அச்சுக்கான பக்கங்களைக் கோத்துத் தரும் ஒரு கம்பெனியில். மாடியில் ஒரு நீள அறை எங்களுக்கு. ஒரு சொல்லுக்கு ஒரு அட்டை. எழுதி எழுதி, பெட்டிகளில் வரிசையாக அடுக்க வேண்டும். அட்டை அடுக்கும்போது ஃபேன் போடக் கூடாது. மே மாசத்துத் தாம்பரத்தில் ஃபேன் இல்லாமல் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். என்னோடு சேர்ந்த குமுதா பல்லாவரத்துக்கு அந்தப் பக்கம் குவாரி ஓரத்துக்காரி. அவள் ஊரிலிருந்து ஒரு பை நிறையக் கருங்கல் ஜல்லி கொண்டுவந்து கொட்டினாள். ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு ஜல்லி. அதற்குப் பிறகு ஃபேன் ஒன்றாம் நம்பரில் ஓட அனுமதி கிடைத்தது.

அனுமதி கொடுத்தவர் ரங்கநாதன் சார், எங்கள் பிரிவுத் தலைவர். டீ கொண்டுவருபவரையும் ‘நீங்க’ என்றுதான் கூப்பிடுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தப்பு கண்டுபிடித்தால் திட்ட மாட்டார். பெட்டியை அப்படியே நம் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார். நாமே தேடிக் கண்டுபிடிக்கும்வரை துடைத்துக்கொண்டே இருப்பார். அதற்கு நாலு திட்டு வாங்கியிருக்கலாம். நாம் போட்ட பதிவு எதிலாவது அவருக்குச் சந்தேகம் வந்தால் ஒரே கேள்விதான்: “இது புத்தகத்துல இருக்கா, உங்க மனசுல இருக்கா?” மனசில் இருந்தால் அட்டையைக் கிழித்துவிட வேண்டியதுதான். இண்டெக்ஸ் போடுகிறவருக்கு அபிப்பிராயம் கிடையாது என்பார். ‘நல்ல’, ‘மோசமான’, ‘பாவம்’ என்ற ஜாடை உள்ள எந்தச் சொல்லும் அவர் பெட்டிக்குள் நுழைந்ததில்லை.

அகர வரிசை என்றால் குழந்தைக்கும் தெரிந்த விஷயம்தானே என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். இடைவெளியைக் கணக்கில் எடுத்துச் சொல் சொல்லாக அடுக்குவதா, இடைவெளியே இல்லாததுபோல எழுத்து எழுத்தாக அடுக்குவதா என்பதில் தொடங்கும் தகராறு. தமிழ்ப் புத்தகம் வந்தால் இன்னும் வேடிக்கை. கம்ப்யூட்டர் வந்த புதிதில் அது ‘அகம்’ முதலில், ‘அக்கா’ பிறகு என்று அடுக்கித் தந்தது. நம் அகராதிகளில் புள்ளி வைத்த எழுத்துக்குத்தான் முதலிடம். அக்காவைப் பழையபடி முன்னால் கொண்டுவந்து உட்கார வைப்பதற்குள் கண் பூத்துவிடும்.

இதற்கெல்லாம் பாடப்புத்தகம் எதுவும் எங்கள் கையில் இல்லை. இருந்தது சனிக்கிழமை. சுற்றுவட்டாரத்து கம்பெனிகளில் இண்டெக்ஸ் போடுகிறவர்கள் எல்லாரும் சாயங்காலம் சிட்லபாக்கம் ஏரிக்கரைப் பக்கத்து டீக்கடையில் கூடுவோம். எல்லாம் போட்டிக் கம்பெனிகள். முதலாளிகளுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். அதனால் எந்தப் புத்தகம், எந்தப் பதிப்பகம் என்று வாய் திறக்கக் கூடாது. சந்தேகத்தை மட்டும் மொட்டையாகச் சொல்ல வேண்டும். சந்தேகம் கொண்டுவந்தவர்தான் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்க வேண்டும். செயின்ட் தாமஸ் மவுண்ட்டை ‘St.’ என்ற சுருக்க எழுத்திலேயே வைப்பதா, ‘செயின்ட்’ என்று விரித்து வைப்பதா, ‘பரங்கிமலை’ என்ற பெயரில் வைத்துவிட்டு செயின்ட்டிலிருந்து அங்கே கைகாட்டுவதா என்று ஒரு முழுச் சாயங்காலம் சண்டை போட்டிருக்கிறோம். கடைக்காரர் எங்களை ஏதோ ரியல் எஸ்டேட் புரோக்கர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷமாக நான் வேறு எங்கேயும் சண்டை போட்டதில்லை.

ஒரு சனிக்கிழமை பஜ்ஜி என் செலவு. அதற்குக் காரணம் ஒரு ஆங்கிலப் புத்தகம். சென்னையின் தெற்கே இருந்த கல்குவாரிகளைப் பற்றி, டெல்லியில் வேலை பார்த்த ஒரு தமிழ்ப் பேராசிரியை எழுதியது. புத்தகத்தின் நடுவே ஒரு வெடி விபத்து வருகிறது. எச்சரிக்கைச் சங்கு ஊதாமல் வெடி வைத்துவிட்டார்கள். செல்லம்மா என்ற பெண்ணின் புருஷன் அதே இடத்தில் செத்துப்போனார். பக்கத்தில் கல் உடைத்துக்கொண்டிருந்த எம். மரகதத்துக்கு இடது காது போனது. சங்கு ஊதவில்லை என்று முதல் விசாரணையில் சாட்சி சொன்னது இந்த மரகதம்தான். இரண்டாவது விசாரணையில் அவள் பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்று குறித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவளைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை என்கிறது புத்தகம். செல்லம்மா சொன்னதையும் ஆசிரியை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்: மரகதம் காண்ட்ராக்டர் பக்கம் போய்விட்டாள், என் புருஷன் சாவை வித்துவிட்டாள்.

அதே இரண்டாவது விசாரணையில் வேறொரு பெண் வந்து அடித்துச் சாட்சி சொல்கிறாள். சங்கு ஊதுகிறவனை அன்றைக்கு வேறு வேலைக்கு அனுப்பியது யார் என்பதுவரை சொல்கிறாள். அவள் சாட்சியால்தான் வழக்கு தள்ளுபடி ஆகாமல் நின்றது. அவள் பெயர் இ. மரகதம்.

பதிப்பகத்தின் விதிப்படி பெயரின் கடைசிப் பகுதியை முன்னால் வைத்து அடுக்க வேண்டும். அதற்காக இனிஷியலை எல்லாம் விரித்து, பெயருக்குப் பின்னால் போட்டு ஒரு பெயர்ப் பட்டியலும் அனுப்பியிருந்தார்கள். அதன்படி ஒருத்தி ‘முனுசாமி, மரகதம்’ என்று ஒரு கோடியிலும், இன்னொருத்தி ‘ஏழுமலை, மரகதம்’ என்று ஆங்கிலத்து இ எழுத்தில் மறு கோடியிலும் போய் உட்காருவார்கள். ஜென்மத்துக்கும் சந்தித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் எங்கள் அறையில் முதல் அடுக்கு எப்போதும் நம் வழக்கப்படிதான். ஆளுடைய பெயர் முதலில், அப்பாவோ புருஷனோ பின்னால். அப்படி அடுக்கும்போது இரண்டு மரகதமும் அடுத்தடுத்து வந்தார்கள்.

அதுவும் பெரிய விஷயமில்லை. மரகதம் தெருவுக்கு ரெண்டு பேர் இருந்த காலம். என்னைத் தடுத்தது இன்னொரு அட்டை, ‘காது கேளாமை’. ஓரிடத்தில் எம். மரகதத்துக்கு இடது காது போனது. பல பக்கம் தள்ளி, இ. மரகதம் விசாரணை அதிகாரியிடம் ‘என் வலது பக்கம் வந்து நின்று கேளுங்க சார்’ என்று சொன்னதாகக் குறிப்பு. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நானே கல்யாணத்துக்கு முன்னால் டி. எஸ்தர், பின்னால் ஜே. எஸ்தர். கல்லூரிச் சான்றிதழில் ஒருத்தி, ரேஷன் கார்டில் ஒருத்தி. ரெண்டு விசாரணைக்கும் நடுவில் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகியிருந்தால்?

ரங்கநாதன் சாரிடம் போனேன். முழுக்கக் கேட்டுவிட்டு, நான் பயந்த கேள்வியையே கேட்டார்.

“புத்தகத்துல இருக்கா எஸ்தர், உங்க மனசுல இருக்கா?”

“பாதி பாதி சார்,” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை. சனிக்கிழமை கேட்டுப் பாருங்கள் என்றார். எங்கள் சனிக்கிழமைக் கூட்டம் அவருக்குத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

டீக்கடையில் மொட்டையாக வைத்தேன்: ஒரே பெயர், ரெண்டு இனிஷியல், ஒரே ஊனம், சேர்க்கலாமா? கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. கடைசியில் எல்லோரும் ஒத்துக்கொண்டது ஒன்றுதான். ஒரே ஆளை இரண்டாகப் பிரித்து வைத்தால், தேடுகிறவர் சிரமப்பட்டாவது கண்டுபிடிப்பார். இரண்டு ஆளை ஒன்றாகச் சேர்த்துவிட்டால், இல்லாத ஒரு ஆளை நாமே படைத்தவர்கள் ஆவோம். திங்கட்கிழமை அதைச் சொன்னபோது சார் சிரித்தார். “பிரிச்சு வெச்சா படிக்கிறவன் திட்டுவான். தப்பா சேத்து வெச்சா செத்தவன் வந்து திட்டுவான்,” என்றார். உறுதியாகத் தெரியாமல் சேர்க்கக் கூடாது என்பது முடிவாயிற்று.

டெல்லிக்கு போன் போட்டுக் கேட்டோம். அந்தக் குவாரியில் பாதிப் பேருக்குக் காது கேட்காது, எம். மரகதத்தைத் தேடி அலைந்தேன், கிடைக்கவில்லை என்றார் பேராசிரியை. அவர் மேல் தப்பில்லை. அவர் தேடியது முனுசாமி மகளை. ஊர்க்காரர்கள் சொன்ன பதில், செல்லம்மா சொன்ன அதே பதில்.

துப்பு கொடுத்தது குமுதாவின் அம்மா. அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாராம், ஏழுமலை பொண்டாட்டி மரகதமா, முனுசாமி பொண்ணுதானே, திருமுடிவாக்கத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறாளே என்று. நானும் குமுதாவும் பஸ் ஏறிப் போனோம். தொழிற்பேட்டைக்குள், லேத் பட்டறைகளுக்கு நடுவே தகரக் கொட்டகை. கரண்டியோடு நின்றுகொண்டிருந்த பெண்மணியை நான் கூப்பிட்டேன், திரும்பவில்லை. குமுதா வலது பக்கமாகப் போய்க் கூப்பிட்டாள். உடனே திரும்பினார்.

கூட்டம் குறையும்வரை காத்திருந்து விஷயத்தைச் சொன்னோம். அவர் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

“ரெண்டாவது தபா கூப்டப்போ எனக்குக் கண்ணாலம் ஆயி ஒரு மாசம். உன் பேரு இன்னா, புருசன் பேரு இன்னான்னு கேட்டாங்க. சொன்னேன். எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் வந்தேன். முனுசாமி பொண்ணு வரலைன்னு அவங்களா எயுதிக்கினா நான் இன்னாமா பண்றது?”

செல்லம்மாவிடம் சொல்லவில்லையா என்று குமுதா கேட்டாள்.

“சொல்லாம இருப்பேனா? அவளுக்கு யாரோ பேப்பரைப் படிச்சுக் காட்டிக்கீறாங்க. அதுல வரலைன்னு கீது. என் பேச்சை நம்புவாளா, பேப்பரை நம்புவாளா? ரெண்டு பேரும் ஒரே தட்டுல சோறு துன்னவங்கம்மா. இன்னிக்கும் என்னைக் கண்டா அந்தாண்ட திரும்பிக்கினு போறா.”

அழவில்லை. சொல்லிவிட்டு எழுந்து போய் சாம்பாரைக் கிளறினார். எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது. ஊர்ப் பேச்சாக இருந்த பழி, இன்னும் கொஞ்ச நாளில் கெட்டி அட்டை போட்ட புத்தகமாகப் போகிறது. அதன் கடைசிப் பக்கங்களை நான் அடுக்கிக்கொண்டிருக்கிறேன்.

பேராசிரியைக்கு மறுபடியும் போன் செய்தோம். மரகதம் சொன்னதை எல்லாம் சொன்னோம். பிறகு மரகதத்தின் கடைக்குப் பக்கத்து டெலிபோன் பூத் நம்பரை வாங்கி அவரே பேசினார். விசாரணைக் குறிப்பையும் மறுபடி பிரித்துப் பார்த்தார். எல்லாம் பொருந்தியது. ஆனால் பக்கங்கள் முடிந்து அச்சுக்குப் போய்விட்டன, ஒரு எழுத்தையும் இனி தொட முடியாது என்று பதிப்பகம் கையை விரித்துவிட்டது. புத்தகத்தில் அப்போது திறந்திருந்த ஒரே இடம் இண்டெக்ஸ். அது எப்போதும் கடைசியில்தானே வரும்.

பேராசிரியை எழுத்தில் அனுமதி கொடுத்தார். சார் பதிப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். மொத்தம் சில வரிகள்தான். தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல் அப்பாவையோ கணவரையோ குறிக்கும், அதை முன்னால் வைத்தால் ஆளைத் தொலைத்துவிடுவோம் என்று. முன்பும் பல தடவை எழுதி, முடியாது என்ற பதிலை வாங்கி, மரியாதையாகக் கோப்பில் போட்டுவைத்தவர். இந்தத் தடவை சரி என்று பதில் வந்தது. அவர் அதை எங்களுக்கு வாசித்துக் காட்டவில்லை. மேஜை மேல் வைத்துவிட்டு, ஃபேனை மூன்றாம் நம்பரில் போடச் சொன்னார்.

பதிவை நான் எழுதினேன். மரகதம், எம்.; திருமணத்துக்குப் பின் இ. மரகதம். அதன் கீழே வரிசையாக: காது கேளாமல் போனது. முதல் விசாரணையில் சாட்சி. இரண்டாம் விசாரணையில் சாட்சி, இ. மரகதம் என்ற பெயரில். அதற்கும் கீழே ஒரு வரி: இரண்டாம் விசாரணைக்கு வரவில்லை எனத் தவறாகக் குறிக்கப்பட்டது.

அந்த ‘தவறாக’வில் சாரின் பென்சில் நின்றது. அவருடைய சர்வீஸில் அப்படி ஒரு சொல் எந்த இண்டெக்ஸிலும் போனதில்லை என்பது எனக்குத் தெரியும். வாதாட நாலு காரணம் தயாராக வைத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜல்லிக் கல் ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு அதை அந்த அட்டையின் மேல் வைத்தார்.

“இருக்கட்டும்,” என்றார்.

இவ்வளவுதான் அந்தப் பெண் கேட்டதற்குப் பதில். அம்மா, அந்தச் சிவப்புக் கட்டத்தில் அப்பா பெயரைப் போடாதே. ஒரு புள்ளி வைத்து மிஷினை ஏமாற்று. நாங்கள் பிறகு அப்படித்தான் செய்தோம். அதற்கும் மசியாவிட்டால் எங்களைக் கேள். பஜ்ஜி உன் செலவு.

புத்தகம் வந்ததும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு திருமுடிவாக்கம் போனோம். மரகதம் அட்டையைக்கூடத் திறக்கவில்லை. “எங்கிட்ட இன்னாத்துக்குக் காட்ற? நான் வந்தது எனக்குத் தெரியாதா? அவளாண்ட காட்டு,” என்றார். கடையைப் பக்கத்துப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு எங்களோடு கிளம்பினார்.

செல்லம்மாவின் வீடு குவாரிப் பள்ளத்துக்கு மேலே, குமுதா வீட்டுக்கு நாலு தெரு தள்ளி. மரகதம் வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியிலேயே நின்றுவிட்டார். நாங்கள் மட்டும் உள்ளே போனோம். குமுதா அந்தப் பதிவை வரி வரியாகத் தமிழில் சொன்னாள். செல்லம்மா தலையைக் குனிந்தபடி கேட்டார். கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். குமுதா சொன்னாள்.

“அன்னிக்குப் படிச்சுக் காட்டுன பேப்பரு வரலைன்னுதானே சொல்லிச்சு,” என்றார்.

“அந்தப் பேப்பர்ல தப்பா எழுதிட்டாங்கன்னு இதுல போட்டிருக்கும்மா,” என்றேன் நான்.

செல்லம்மா எழுந்து வாசலுக்குப் போனார். வேப்பமரத்தடியில் நின்றவரைப் பார்த்தார். கூப்பிடவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. கிட்டே போய்க் கையைப் பிடித்து மரத்தடிக் கல்லில் உட்கார வைத்தார். தானும் உட்கார வந்தவர், இடது பக்கம் இடம் தாராளமாக இருந்தும், சுற்றிக்கொண்டு போய் மரகதத்தின் வலது பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தார். அதற்குப் பிறகுதான் பேச ஆரம்பித்தார்.